மணலியின் ஹைட்ரஜனும் நிக்கலும்

சாத்தாங்காட்டை அடுத்த மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜன், பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நாப்தா என்னும் பெட்ரோலிய நீர்மத்திலிருந்தும் நீராவியிலிருந்தும் பிறந்தது.

இரண்டையும் வெறுமனே சூடாக்கினால் போதாது. உலைக்குள் நிற்கும் உலோகக் குழாய்களில் நுண்துளைகள் கொண்ட பீங்கான் வளையங்களை நிரப்புகிறார்கள். அவற்றில் நிக்கல் துகள்கள் படிந்திருக்கும். சுமார் 800 டிகிரி செல்சியஸில் நிக்கலின் மேற்பரப்பு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்கிறது. நீராவியின் ஆக்சிஜன் கார்பனோடு சேர, ஹைட்ரஜன் விடுபடுகிறது. ரோடியமும் ருத்தேனியமும் இதைவிட வேகமானவை. ஆனால் டன் கணக்கில் நிரப்பும் இடத்தில் அவற்றின் விலை கட்டுப்படியாகாது.

நிக்கலுக்குக் கந்தகம் நஞ்சு. இம்மியளவு கந்தகமும் மேற்பரப்பில் ஒட்டி அதை முடக்கிவிடும். ஆகவே நாப்தாவிலிருந்து முதலில் கந்தகத்தை நீக்கிவிட வேண்டும். இன்னொரு பகை கரி. இயற்கை எரிவாயுவின் மீத்தேனைவிட நாப்தா எளிதில் கரி படியவிடும். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் நிக்கலோடு பொட்டாஷ் சேர்த்து இதைக் கட்டுப்படுத்தியது. 1960-களில், எரிவாயு கிடைக்காத ஊர்களிலும் உர ஆலை எழ வழிவிட்டது இந்தச் சிறு சேர்க்கைதான். வேதியியலின் பெரிய உதவிகளில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2019-இல் எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) முனையம் வந்தபின் மணலி ஆலை இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. நிக்கல் மாறவில்லை. கார்பனும் தொடர்கிறது: எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்போது சுமார் 9 கிலோ கார்பன் டை ஆக்சைடு உருவாகிறது. அதில் ஒரு பகுதி அம்மோனியாவுடன் சேர்ந்து யூரியாவாகி வயலுக்குப் போகிறது.