அனுப்பிய படம் ஏன் வெளிறிப்போகிறது?

திருத்தும்போது பளிச்சென்று இருந்த வயலின் பச்சை, அனுப்பியபின் நண்பரின் திரையில் சோர்ந்து தெரிகிறது. ஏன்? படக்கோப்பில் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலத்துக்கான எண்கள் மட்டுமே. வழக்கமான ஜேபெக்கில் 0 முதல் 255 வரை. பச்சை 255 என்றால் எந்தப் பச்சை? அதைச் சொல்வது கோப்போடு வரும் கலர் புரொஃபைல்.

1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற புரொஃபைல், சாதாரணத் திரைகளுக்கானது. 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபி, பச்சையிலும் நீலப்பச்சையிலும் அதைவிட விரிந்தது, அச்சுக்கு உதவும். அதில் திருத்திய படத்தைப் புரொஃபைல் இல்லாமல் அனுப்பினால், பெறும் மென்பொருள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். எண் அதேதான், பச்சை மட்டும் மங்கிவிடும்.

பலர் குழம்புவது அடுத்த படியில். மென்பொருளில் ‘அசைன்’, ‘கன்வெர்ட்’ என இரண்டு கட்டளைகள் இருக்கும். அசைன் எண்களைத் தொடாமல் புரொஃபைலை மட்டும் மாற்றுவதால் நிறம் பிறழும். கன்வெர்ட் எண்களைத் திருத்தி, புதிய புரொஃபைலின் நிற எல்லைக்குள் இயன்றவரை அதே நிறத்தைக் காக்கும். பகிர்வதற்கு இதுதான் சரியான வழி.

மூலக்கோப்பைத் தொடாதீர்கள். நகலை மட்டும் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வெர்ட் செய்து, புரொஃபைலை உள்ளே பதித்து அனுப்புங்கள்.