கட்டி வைத்த வாள்

டோக்கியோவின் அசகுசாவிலிருந்து அசுமா பாலத்தைக் கடந்து வருகிறவர்கள், எதிர்க்கரையில் பீர் கம்பெனிக் கட்டடத்தின் மேல் இருக்கும் தங்கநிறத் தீக்கொழுந்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதற்கு அடுத்த வளாகம்தான் சுமிதா வட்டார அலுவலகம். அங்கே ஒரு வெண்கல சாமுராய் நிற்கிறார். பெயர் கட்சு கைஷூ. 1823-இல் இந்தப் பகுதியில் பிறந்தவர். 2003-இல் ஊர்க்காரர்கள் நன்கொடை திரட்டி வைத்த சிலை இது.

முறையாக வாள்வித்தை தேறியவர் கட்சு. ஆனால், உறையிலிருந்து எளிதில் உருவ முடியாதபடி தன் வாளை இறுகக் கட்டி வைத்திருந்ததாக முதுமையில் அவரே சொல்லியிருக்கிறார்.

1868-இல் அந்தக் கட்டுக்குச் சோதனை வந்தது. கியோட்டோ அருகே, கட்சு சார்ந்திருந்த ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளரின் படை தோற்றது. பேரரசர் படை எடோவை, அதாவது இன்றைய டோக்கியோவை, நெருங்கியது. பத்து லட்சம் பேர் வாழ்ந்த, மரத்தாலான நகரம். தாக்குதலுக்கு நாளும் குறித்தாயிற்று. யமாவோகா தெஷ்ஷூ என்ற இன்னொரு சாமுராய் கட்சுவின் கடிதத்தோடு எதிரிப் படைக்குள் புகுந்து போய், தளபதி சைகோ தகமோரியிடம் பேச்சைத் தொடங்கி வைத்தார். பிறகு கட்சுவும் சைகோவும் நேரில் சந்தித்தார்கள். குறித்த நாளுக்கு முந்தின நாள் தாக்குதல் நிறுத்தப்பட்டது. மே 3 அன்று எடோ கோட்டை கைமாறியது.

கட்சு வெறுங்கையோடு பேசப் போகவில்லை. பேச்சு முறிந்தால் நகரத்துக்கே தீ வைக்கத் தீயணைப்புக் குழுத் தலைவனிடம் சொல்லி வைத்திருந்தாராம். மக்களை ஏற்றிச் செல்லப் படகுகளும் தயாராம். இதுவும் அவர் வாயால் வந்த கதைதான். மனிதருக்குத் தற்பெருமை கொஞ்சம் அதிகம்!

போராடாமல் பணிந்ததாக அவரைச் சாடியவர்களும் உண்டு. 1860-இல் அவரோடு ஒரே கப்பலில் அமெரிக்கா போன சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சியே அப்படி எழுதினார். பின்னாளில் பத்தாயிரம் யென் நோட்டில் இடம்பிடித்தது ஃபுகுசாவாவின் முகம்.

சமாதானமும் முழுசாக நிற்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில், சரணடைய மறுத்த ஷோகுன் ஆட்களை உயேனோ குன்றில் ஒரே நாளில் நசுக்கினார்கள். தாக்கியவர்களில் சைகோவும் இருந்தார். இன்று அதே குன்றில், நாயோடு நிற்கும் சைகோவின் சிலைக்குப் பின்னால்தான் மாண்டவர்களின் கல்லறை.

1877-இல் அரசுக்கு எதிராகக் கிளம்பிய சைகோ, கலகக்காரராகவே செத்தார். மன்னிப்பு வந்தது 1889-இல். கட்சு அதுவரை காத்திருக்கவில்லை. 1879-லேயே, சைகோவின் கவிதையைச் சைகோவின் கையெழுத்திலேயே பொறித்து, சொந்தச் செலவில் நினைவுக்கல் நட்டார். அந்தக் கல் இப்போது சென்சோகு குளக்கரையில், கட்சுவின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.