பணம் கைமாறாத பதிவுக்குச் சான்று எங்கே?

லப்பைக்குடிக்காடாயினும் அரியலூராயினும், உங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடை ஒன்று மாதம் 2,000 ரூபாய் வாடகைக்கு விடப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்வோம். மழையில் ஒழுகிய கூரையைக் கடைக்காரரே 6,000 ரூபாய் செலவிட்டுச் செப்பனிடுகிறார். மூன்று மாத வாடகையில் அதைக் கழித்துக்கொள்ள முத்தவல்லியும் இசைகிறார். கணக்கர் குறிப்பேட்டில் பழுதுபார்ப்புச் செலவைப் பற்றிலும், வாடகையை வரவிலும் எழுதிவிடுகிறார்.

இங்கே ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. பணம் கொடுத்தால் ரசீது உண்டு. வங்கியில் செலுத்தினால் சலான் உண்டு. இத்தகைய சரிக்கட்டுப் பதிவுக்கோ தானாக வந்து சேரும் சீட்டு எதுவுமில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, “அந்த மூன்று மாத வாடகை எங்கே?” என்று ஜமாஅத் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால், காலமாகிவிட்ட முத்தவல்லியின் நேர்மையை யார் நிலைநாட்டுவது?

ஆகவே, அப்பதிவோடு நான்கு தாள்களை இணைத்தல் அவசியம். கொத்தனாரும் பொருள் விற்றவரும் தந்த பில்கள். வாடகை ஒப்பந்தத்தின் நகல். கழிவை அனுமதித்த நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் நகல். தொகை வந்த விதத்தைக் காட்டும் கணக்கீடு. எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர் எனத் தேதியுடன் இரு கையொப்பங்கள் வேண்டும். பதிவின் எண்ணை ஒவ்வொரு தாளிலும் குறித்தல் வேண்டும்.

தாள் இருந்தால் மட்டும் போதுமா? 2009 ஜனவரி 7 அன்று, ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, ஏட்டில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அங்கே தாள்களுக்குப் பஞ்சமில்லை. போலி பில்களும் போலி வங்கி ஆவணங்களும் இருந்தன. ஐயமெழுந்தால், சீட்டைத் தந்தவரையே நேரில் கேட்டு உறுதி செய்வதே முறை.

1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டத்தின் 46ஆம் பிரிவு, முத்தவல்லி முறையாகக் கணக்கு வைத்து ஆண்டுதோறும் வாரியத்திற்கு அறிக்கை அளிக்கப் பணிக்கிறது. திருமறையின் மிக நீண்ட வசனமான 2:282, கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளையும் பற்றிப் பேசுகிறது. தொகை சிறிதாயினும் எழுதச் சோர்வடையலாகாது என்பதும் அதில் உண்டு. அமானிதத்தைச் சுமப்பவருக்கு அந்தத் தாள்களே கவசம்.

இம்மாதக் கணக்கை முடிக்குமுன், பணம் கைமாறாத பதிவுகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். சான்றில்லாதவற்றுக்கு, விவரமறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு வாங்கி இணைத்துவிடுங்கள்.