அறுந்து கிடக்கும் கம்பி

கார்த்திகை பிறந்தால் வடக்கிலும் கிழக்கிலும் வாழும் எமக்கு வானத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்கள், தென்னந்தோட்டங்கள் படுத்துக்கிடந்த காட்சியை இன்றும் சொல்வர். 2020 டிசம்பர் 2 இரவு 'புரெவி' திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' வந்தது. இங்கு நாம் பேச விரும்புவது காற்று வீசும் நேரத்தைப் பற்றியல்ல. அது ஓய்ந்து, எல்லோரும் வெளியே வந்து சேதம் பார்க்கும் அந்த மறுநாட் காலையைப் பற்றி.

எம் குடும்பங்களிற் பல, பிறந்த ஊரில் குப்பி விளக்கோடு வாழ்ந்தவை. இடம்பெயர்ந்து வந்தபின் நெருக்கமான குடியிருப்புகளில், தலைக்கு மேலே கம்பி ஓட வாழ்கின்றன. பாம்பின் குணம் எமக்குத் தெரியும். இந்தக் கம்பியின் குணம் பலருக்குத் தெரியாது.

கம்பியைக் காற்று நேரே அறுப்பது குறைவு. பெரும்பாலும் மரமே அறுக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மழையில் ஊறிய மண்ணில் நிற்கும் மரம் இதைத் தாங்காது. இரு தூண்களுக்கு நடுவே ஒரு தென்னை விழுந்தால் கம்பி அறும். அறாவிட்டால் இழுபட்டு அயல் தூண்களையும் சரிக்கும். பறந்து வரும் கூரைத் தகரமும் இதே வேலையைச் செய்யும்.

வீடுகளுக்கு வரும் தாழ்ந்த கம்பியில் 230 வோல்ற் மின்சாரம் உண்டு. ட்ரான்ஸ்போமருக்கு வரும் உயர்ந்த கம்பியில் 11,000 அல்லது 33,000 வோல்ற். சேற்றில் கிடக்கும்போது இது எந்தக் கம்பி என்று பார்வையாற் கண்டுபிடிக்க முடியாது. டெலிபோன் கம்பிதானே என்று எண்ணவும் வேண்டாம். அதன் மறுமுனை மின்கம்பியில் பட்டுக் கிடக்கலாம்.

"அறுந்தால் பியூஸ் போய் கரண்ட் தானாக நின்றுவிடும்" என்று சொல்வோர் உண்டு. உயிர்களைக் குடிப்பது இந்த நம்பிக்கையே. பியூஸ் உருக வேண்டுமானால் பெருமளவு மின்சாரம் ஒரேயடியாகப் பாய வேண்டும். மணலிலோ தார் வீதியிலோ கிடக்கும் கம்பியிலிருந்து நிலத்துக்குள் சிறிதளவே பாயும். அது பியூசை உருக்கப் போதாது; ஒரு மனிதனைக் கொல்லத் தாராளமாகப் போதும். பொறி பறக்காது, சத்தமும் வராது. ஒருவேளை கரண்ட் நின்றே இருந்தாலும், வேறோர் இடத்தில் திருத்தம் முடிந்து ஆளி போடப்பட்டதும் அதே கம்பி மறுபடி உயிர் பெறும்.

கம்பியைத் தொடாவிட்டாலும் ஆபத்து உண்டு. அது கிடக்கும் இடத்து நிலத்திலே மின் அழுத்தம் கூடுதலாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். காலை அகட்டி வைத்தால் ஒரு பாதத்துக்கும் மற்றதுக்கும் உள்ள அந்த வித்தியாசம் உடலினூடே பாயும். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். பாயும் மின்சாரம் நெஞ்சினூடே போகும். ஆகவே மாடு எளிதில் விழும். விழுந்த மாட்டைத் தூக்க ஓடுகிறவரும் அதே நிலத்தில்தான் கால் வைக்கிறார். பத்து மீற்றருக்குள் ஒருவரும் போகக்கூடாது; உயர்ந்த கம்பி என்றால், அல்லது வெள்ளம் நின்றால், இன்னும் தள்ளி நிற்க வேண்டும். தெரியாமல் அருகே வந்துவிட்டால் ஓடாதீர்கள். பாதங்களைச் சேர்த்து, நிலத்தை விட்டு எடுக்காமல், சிறிது சிறிதாக அரைத்தபடி விலகுங்கள். உழவு இயந்திரத்தின் மேல் கம்பி விழுந்தால், தீப்பிடித்தாலன்றி இறங்க வேண்டாம்.

முட்கம்பி வேலிகளை மறந்துவிடாதீர்கள். ஒழுங்கையின் ஒரு முனையில் வேலிமீது கம்பி கிடந்தால், மறுமுனையில் உடுப்புக் காயப்போடும் பெண்ணுக்கு அது தெரிய வழியில்லை.

வீட்டுக்குள் ஒருவரை மின்சாரம் பிடித்தால் முதலில் மெயின் சுவிச்சை நிறுத்த வேண்டும். அது முடியாவிட்டால் மட்டும், காய்ந்த பலகையில் நின்று காய்ந்த தடியால் அவரை விலக்கலாம். வெளியே விழுந்த கம்பிக்கு இந்த முறை உதவாது. தடி எவ்வளவு காய்ந்திருந்தாலும் பெரிய அழுத்தத்தை அது தடுக்காது. மின்சாரப் பகுதியினர் இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று சொல்லும்வரை தகப்பனும் மகனை நெருங்கக்கூடாது. எழுதவே மனம் கனக்கிறது. ஆயினும் ஓர் உயிரோடு மற்றோர் உயிரும் போவது இப்படித்தான்.

ஜெனரேற்றர் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். அதை வீட்டுச் சுவர்ப் பிளக்கில் மாட்டினால், மின்சாரம் மீற்றரைக் கடந்து வெளிக் கம்பிக்கு ஏறும். ட்ரான்ஸ்போமர் அதைப் பின்புறமாக ஆயிரக்கணக்கான வோல்ற்றாக உயர்த்தும். கரண்ட் இல்லை என்று நம்பித் தூணில் ஏறியிருக்கும் தொழிலாளியை அது கொல்லக்கூடும். விளக்கையோ குளிர்பெட்டியையோ ஜெனரேற்றரிலேயே நேரே மாட்டிக்கொள்ளுங்கள்.

கம்பியில் கொக்கி போட்டு வெளிச்சம் எடுக்கும் குடிசைகளையும் கண்டிருக்கிறோம். பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்ற தாயின் தவிப்பு எமக்கு விளங்காததல்ல. ஆனால் காற்றில் முதலில் கழன்று விழுவது அந்தக் கொக்கிதான். அதுவும் அவளுடைய தகரக் கூரைமேலேயே விழும்.

கம்பிக்குக் கீழே தென்னை வைக்க வேண்டாம். முருங்கையும் வேண்டாம்; அது விரைவில் உயரும், இலேசில் முறியும். அந்தத் துண்டு நிலத்தில் கத்தரியோ மிளகாயோ நன்றாக வரும். ஏற்கனவே கம்பியை எட்டிய கிளையை நீங்களே தறிக்காமல், மாரிக்கு முன்னர் மின்சாரப் பகுதிக்கு அறிவியுங்கள்.

திருத்த வேலை பெரிய லைனில் தொடங்கி, ட்ரான்ஸ்போமர், ஒழுங்கை, கடைசியாகத் தனி வீடு என்று இறங்கி வரும். அடுத்த ஒழுங்கையில் விளக்கு எரிய உங்களுடையது இருட்டாயிருப்பது பல வேளை இதனால்தான். முறையிடும்போது "கரண்ட் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஒழுங்கை, எந்தக் கிணற்றடி, கம்பி நிலத்திலா மரத்திலா, தூணில் என்ன எண் என்று சொல்லுங்கள். ஆட்கள் வந்து சேரும்வரை இருவர் ஒழுங்கையின் இரு முனைகளிலும் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் மறித்துக்கொள்ளட்டும்.