விமானம் தொட்ட கைகள் நடுங்கும்போது

1956-இல் எல்லை பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் பாறசாலையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பல வீடுகளுக்குள் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். 1935-இல் டாடாவின் விமானம் வந்திறங்கிய திருவனந்தபுரம் நிலையமும், பின்னாளில் வளைகுடா நிலையங்களும் தென்திருவிதாங்கூர்க்காரர்களுக்குச் சுமை ஏற்றுவது முதல் எஞ்சின் பழுது பார்ப்பது வரை வேலை தந்தன.

அந்தத் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவிகிதம். நாட்டிலேயே இதுதான் அதிகம். முதுமையோடு வருவது நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோய். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் மெல்ல அழிகின்றன. கை நடுங்கும் முன்பே வாசனை தெரியாமல் போகலாம். கையெழுத்து சிறுத்துப் போகலாம். நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்கலாம்.

விமானிகள் விஷயத்தில் விதி கண்டிப்பானது. பணியைப் பாதிக்கக்கூடிய நரம்பு நோய் இருந்தால் மருத்துவத் தகுதி கிடையாது என்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. 60 வயதைத் தாண்டினால் 6 மாதத்துக்கு ஒரு பரிசோதனை. இடையில் உடல்நிலை குன்றியது தெரிந்தால் அவரே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்கும் இந்தக் கடமை உண்டு. ஆனால், பரிசோதனை சில மணி நேரம். நோயோ வருடக்கணக்கில் வளர்வது. சம்பளத்துக்குப் பயந்து நடுக்கத்தை மறைப்பவரை எந்தக் கருவி காட்டிக்கொடுக்கும்?

தரையில் வேலை செய்பவர் கதை வேறு. பராமரிப்பு எஞ்சினியருக்கு அந்தச் சர்வதேச விதிகள் மருத்துவச் சான்று எதையும் கேட்பதில்லை. ஸ்பேனர் பிடித்த கை நடுங்கினால் நிறுவனம் கவனித்தால்தான் உண்டு.

ரசாயனமும் கவலை தருகிறது. உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்க டிரைகுளோரோஎத்திலீன் பல்லாண்டுகள் பயன்பட்டது. அது கலந்த தண்ணீர் புழங்கிய அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் முகாமில் இருந்த வீரர்களுக்கு பார்க்கின்சன் அபாயம் 70 சதவிகிதம் அதிகம் என்றது 2023-இல் வெளியான ஆய்வு. அது மெக்கானிக்குகளைப் பற்றிய ஆய்வல்ல. ஆனாலும் எச்சரிக்கை மணி.

வயதானால் கை நடுங்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுவது தவறு. தைராய்டு கோளாறும் சில மருந்துகளும்கூட நடுக்கம் தரும். அவற்றைச் சரிசெய்ய முடியும். பார்க்கின்சனே என்றாலும் லெவோடோபா மாத்திரை பல ஆண்டுகள் கைகொடுக்கும். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பணியில் இருப்பவர் நோயைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பிறர் உயிருக்கு ஆபத்து. சொன்னவருக்கு மாற்று வேலை நிச்சயம் என்ற நிலை வந்தால்தான் உண்மை வெளியே வரும்.