ஐந்து பவுன் தூள்

சுவர்க் கடிகாரத்துக்கு ஓரடி விட்டத்தில் ஓர் அக்ரிலிக் வட்டம் வேண்டியிருந்தது. ஜிக்ஸாவைக் கோட்டின் மேலேயே ஓட்டிப் பார்த்தேன். வந்தது முதல் தோசை.

பிறகுதான் ஜிக் செய்தேன். ஜாமெட்ரி பாக்ஸ் கவராயம்தான். பென்சில் இருக்கும் இடத்தில் ரூட்டர். (வைஃபை ரூட்டர் அல்ல, தச்சுப் பட்டறை ரூட்டர்.) இரண்டடி பிளைவுட் பட்டையின் ஒரு முனையில் அதைத் திருகாணியால் முடுக்கி, மறுபக்கம் ஆரம் அளந்து ஓர் ஆணி. ரூட்டரின் வெட்டும் முனையான பிட்டின் உள்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். நடுவிலிருந்து அளந்தால், 6 மி.மீ. பிட்டுக்கு விட்டம் 6 மி.மீ. குறைந்துவிடும். ஜிக்கில் வெட்டிய என் முதல் வட்டம் அப்படித்தான் வீணானது. கடிகாரத்துக்கு எப்படியும் நடுவில் ஓட்டை வேண்டும். ஓட்டை கூடாதென்றால், டபுள் டேப்பால் ஒரு மரத்துண்டை ஒட்டி ஆணியை அதில் இறக்கலாம்.

அக்ரிலிக் நூறு டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே இளகிவிடும். பயந்து பயந்து ஓட்டினால் வெட்டிய தடமே உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். 6 மி.மீ. ஷீட்டை மூன்று சுற்றாக, சுற்றுக்கு 2 மி.மீ. ஆழத்தில், இடஞ்சுழியாக, நிற்காமல் ஓட்டுங்கள். அடியில் ஒரு பழைய பலகையை டேப்பால் ஒட்டாவிட்டால் கடைசிச் சுற்றில் வட்டம் கழன்று பிட்டில் மாட்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

வட்டம் வெட்டும் முறை இவ்வளவுதான். எனக்கு உறுத்துவது வேறு.

வெட்டி முடித்தபோது சட்டை, தலைமுடி, கை எங்கும் வெள்ளைத் தூள். நிலைமின்சாரம், தட்டத் தட்ட ஒட்டுகிறது. கணக்குப் போட்டேன். ஒரு வட்டத்துக்கு பிட் அரைத்துத் தள்ளிய பிளாஸ்டிக் ஏறக்குறைய 40 கிராம். ஐந்து பவுன்! நகைப் பட்டறை என்றால் குப்பையை மட்டுமல்ல, வாசல் சாக்கடை மண்ணைக்கூட அரித்துப் பார்க்க ஆள் உண்டு. இதை நாம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அதே சாக்கடையில் தள்ளுகிறோம். 2019 ஜனவரியிலிருந்து கேரி பேக்குக்குத் தடை உள்ள மாநிலம் தமிழ்நாடு. பையையாவது குனிந்து பொறுக்கலாம். வாய்க்காலில் கலந்த பொடியை?

லேசரில் வெட்டினால் இந்தத் தூளே கிடையாது என்பார்கள். சரிதான், அது புகையாகப் போகிறது.

ரூட்டரோடு வாக்குவம் கிளீனர் குழாயைக் கட்டுங்கள். இல்லையென்றால் ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள், கழுவிவிடாதீர்கள்.

மிச்சத் துண்டுகளைப் பழைய சாமான்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். தூளை வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு வட்டத்துத் தூளும் ஊறுகாய் ஜாடியில் அப்படியே இருக்கிறது.