உமா ஓயாவும் உறங்கிய சட்டமும்

பசறைப் பக்கத்தில் மழை மிகுந்தால் மண்சரிவைப் பற்றியும், மழை குறைந்தால் ஊற்றைப் பற்றியும் பேசுவோம். பண்டாரவளை மக்களுக்கோ, மழை பொய்க்காமலே கிணறு வற்றிய விந்தை நேர்ந்தது.

மலையைக் குடைந்து உமா ஓயாவின் நீரைத் தெற்கே கொண்டுசெல்லும் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டினர். பெருந்திட்டங்கள் சுற்றாடல் மதிப்பீடு செய்து, அங்கீகாரம் பெற்ற பின்னரே தொடங்கப்படல் வேண்டும் என்பது தேசிய சுற்றாடற் சட்டத்திற்கு 1988இல் வந்த திருத்தம். இங்கோ விழா முந்திற்று, அறிக்கை பிந்திற்று. தாலி கட்டியபின் சாதகம் பார்த்த கதை!

2014 டிசெம்பரில் சுரங்கத்துள் நீர் பீறிட்டது. மலையின் உள்ளூற்றுக்கள் அவ்வழியே வடிந்தன. கிணறுகள் வற்றின; சுவர்கள் வெடித்தன; பெண்கள் குடங்களோடு பவுசருக்குக் காத்து நின்றனர். 2017இல் மக்கள் பண்டாரவளை வீதியில் திரண்டபொழுதே கொழும்பின் செவி திறந்தது.

மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு அதிகாரம் இல்லாமலில்லை. ஆயின், செய்பவரும் அரசு, தடுக்க வேண்டியவரும் அரசு என்றால், உத்தியோகத்தர் எங்ஙனம் கைமறிப்பார்?

2024 ஏப்ரலில் 120 மெகாவாற்று மின்நிலையம் திறக்கப்பட்டது. மின்சாரம் வேண்டாமென்பார் எவருமிலர். அங்கீகாரத்தின் நிபந்தனைகளையும், அவற்றைச் சோதித்த நாள்களையும் எழுதி, அவ்வூர்ப் பாடசாலைச் சுவர்களில் ஒட்டுதல் தகும், பிள்ளைகளும் படிப்பர்.